சிலிண்டரில் எழுத வேண்டியது சதவீதமா, ஆழமா?

கேள்வி: எங்கள் முக்குளிப்புக் குழுவில் சாதாரணக் காற்றையும் 32 சதவீத நைட்ராக்ஸையும் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) மட்டுமே பயன்படுத்துகிறோம். நைட்ராக்ஸ் சிலிண்டர்களுக்குப் பச்சை மஞ்சள் பட்டை இருக்கிறது. இதற்கு மேலும் ஒவ்வொரு முறையும் டேப் ஒட்டி எழுதுவது வீண் வேலை இல்லையா? எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எதை எழுதுவது?

மார்ச் 4

வீண் வேலை இல்லை. அந்தப் பட்டை சொல்வது ஒன்றைத்தான்: இந்தச் சிலிண்டரை நைட்ராக்ஸுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளே ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று அது சொல்வதில்லை. இன்றைக்கு உள்ளே இருப்பது நைட்ராக்ஸ்தானா என்றும் சொல்வதில்லை. பட்டை என்பது சிலிண்டரை வாங்கியவர் எடுத்த முடிவு. உள்ளே இருப்பதோ கடைசியாக நிரப்பியவர் செய்த காரியம். இரண்டும் ஒத்துப்போகும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சதவீதத்தில் உள்ள சிறு வித்தியாசம் ஆழத்தில் பெரிதாகிவிடும். ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனின் பங்கு, 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பதைப் பலரும் எல்லையாகக் கொள்கிறார்கள். 1.4-ஐ 0.32-ஆல் வகுத்து, மேற்பரப்புக்குரிய 1-ஐக் கழித்து, பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பார் கூடுவதால் பத்தால் பெருக்கினால் 33.75 மீட்டர் கிடைக்கும். அதே கணக்கு 36 சதவீதத்துக்கு 28.9 மீட்டரில் நின்றுவிடுகிறது. இரண்டு சிலிண்டருக்கும் பட்டை ஒன்றுதான். எல்லையை மீறினால் வருவது தலைவலியோ மயக்கமோ அல்ல. முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரக்கூடும். தரையில் வரும் வலிப்பிலிருந்து பெரும்பாலும் பிழைத்துவிடலாம். நீருக்கடியில் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

டேப்பில் ஆக்ஸிஜன் சதவீதம், அதிகபட்ச ஆழம், அளந்த தேதி, அளந்தவரின் முதலெழுத்து ஆகிய நான்கையும் எழுதுங்கள். எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது தனி விவாதம். அதைப் பிறகு பார்க்கலாம்.

மார்ச் 4, இரவு

நிறமே போதும் என்று வாதிடுபவர்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பாவின் ஈ.என். 1089-3 தரநிலைப்படி ஆக்ஸிஜன் சிலிண்டரின் தோள்பட்டை வெள்ளை. ஆர்கானுக்கு அடர் பச்சை. அமெரிக்க மருத்துவமனைகளிலோ ஆக்ஸிஜனுக்கே பச்சைதான். உயிர் காக்கும் வாயுவுக்கு ஓரிடத்தில் தரும் நிறத்தை, ஒரு துளி ஆக்ஸிஜன்கூட இல்லாத வாயுவுக்கு இன்னோரிடத்தில் தருகிறார்கள். நிறத்தை நம்பிப் பயணம் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

கூடவே, நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சில மீட்டரிலேயே அது மங்கத் தொடங்கி, இன்னும் ஆழத்தில் கறுப்பாகவே தெரியும். சிவப்பு எழுத்து கடையில் அழகாக இருக்கும். வெள்ளையின் மீது கறுப்பு, அல்லது கறுப்பின் மீது வெள்ளை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மார்ச் 6

சதவீதமா, ஆழமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் பதில் தெளிவானது: பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது ஆழம்.

கரையில் நிற்பவர் கேட்கும் கேள்வியும் நீருக்குள் இருப்பவர் கேட்கும் கேள்வியும் வேறு வேறு. கரையில் நிற்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது, யார் அளந்தார், எப்போது அளந்தார் என்பது தெரிய வேண்டும். அவருக்கு நேரம் இருக்கிறது. கணக்குப் போட முடியும். சிறிய எழுத்தைக் குனிந்து படிக்கவும் முடியும். நீருக்குள் பக்கவாட்டுச் சிலிண்டருக்கு மாறப்போகிறவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இப்போது நான் இருக்கும் ஆழத்தில் இதைச் சுவாசிக்கலாமா? கையில் உள்ள ஆழமானி மீட்டரைக் காட்டுகிறது. சிலிண்டரிலும் மீட்டரே இருந்தால் இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். சதவீதம் இருந்தால் மனத்துக்குள் ஒரு வகுத்தல், ஒரு கழித்தல், ஒரு பெருக்கல் செய்ய வேண்டும். 40 மீட்டரில், ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும் மயக்கத்தோடு வகுத்தல் செய்பவரின் விடையை நான் நம்பமாட்டேன். அவர் கணக்கு ஆசிரியராகவே இருந்தாலும் நம்பமாட்டேன்.

இதைவிட முக்கியமான சிக்கல், எண் மட்டும் தனியாக நிற்பது. "21" என்று மட்டும் எழுதிய சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சதவீதம் எழுதும் பழக்கமுள்ளவருக்கு அது சாதாரணக் காற்று. ஆழம் எழுதும் பழக்கமுள்ளவருக்கு அது 50 சதவீத நைட்ராக்ஸ். ஏனென்றால் அழுத்தத் தளர்வு நிறுத்தங்களுக்கான (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற மேலேறும் வழியில் நிற்பது) அந்த வாயுவை 21 மீட்டரில்தான் சுவாசிக்கத் தொடங்குவார்கள்; நிறுத்தங்களில் மட்டும் எல்லையை 1.6 பார் வரை தளர்த்துவது வழக்கம். முதலாமவர் இரண்டாமவரின் சிலிண்டரைக் காற்று என்று எண்ணி 40 மீட்டரில் சுவாசித்தால் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் 2.5 பார். அந்த எண் எழுதப்படாமலே இருந்திருந்தால் அவர் சந்தேகப்பட்டாவது இருப்பார்.

"36" என்பதும் அப்படித்தான். அது சதவீதம் என்பதை அறியாதவர் 36 மீட்டருக்கு எடுத்துச் சென்றால் 1.66 பாரை எட்டுவார். "50" என்பதை ஆழமாகப் படித்தால் 3 பார். 32 மட்டும் விநோதமான விதிவிலக்கு: சதவீதமும் ஆழமும் ஏறக்குறைய ஒரே எண். அதனால்தான் 32 மட்டுமே பயன்படுத்தும் குழுக்களில் இந்தக் குழப்பம் நெடுநாள் வெளியே தெரிவதில்லை. கேள்வி கேட்டவரின் குழுவும் அந்த வகைதான். பிறிதொரு கலவை அந்தக் குழுவுக்குள் நுழையும் நாளில்தான் குழப்பம் தலைகாட்டும்.

மார்ச் 7

அப்படியானால் அலகையும் சேர்த்து எழுதலாமே என்று கேட்டிருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். 50 சதவீதச் சிலிண்டரில் அடிக்கணக்கு வழக்கமுள்ளவர்கள் எழுதும் எண் 70. மீட்டர் வழக்கமுள்ளவர் கண்ணில் அது 70 மீட்டராகப் பட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பல நாட்டவர் சேர்ந்து செல்லும் படகில் 'மீ' என்ற ஓர் எழுத்துக்கு மதிப்பு அதிகம்.

தூய ஆக்ஸிஜன் சிலிண்டரில் 6 என்று எழுதுகிறவர்கள் எண்ணுக்குக் கீழே ஒரு கோடும் இழுத்துவிடுங்கள். தலைகீழாகத் தொங்கும் சிலிண்டரில் 6 என்பது 9 ஆகிவிடும். 9 மீட்டரில் தூய ஆக்ஸிஜன் 1.9 பார்.

மார்ச் 9

"நிரப்பிக் கொடுத்த கடையே அளந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, நான் ஏன் மறுபடி அளக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கிறார். சுவாசிக்கப்போவது நீங்கள் என்பதால். பயிற்சி நிறுவனங்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகின்றன: வாயுவைச் சுவாசிப்பவர் தாமே அளக்க வேண்டும், குறைந்தபட்சம் தம் கண்முன் அளக்கப்படுவதையாவது பார்க்க வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிரப்பு நிலையத்தில், வரிசையாக நின்ற சிலிண்டர்களில் முதலாவதை மட்டும் அளந்துவிட்டு மற்றவற்றிலும் அதே எண்ணை எழுதிக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரே குழாயிலிருந்து ஒரே நேரத்தில் நிரம்பியவை என்பது அவர்கள் சொன்ன காரணம். காலியாக வந்த சிலிண்டர்களுக்கு அந்தக் காரணம் பொருந்தலாம். அரைகுறையாக மிச்சம் வைத்துக்கொண்டு வந்தவற்றுக்குப் பொருந்தாது.

அளக்கும் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆக்ஸிஜன் அனலைசரின் உள்ளே இருப்பது ஒரு சிறிய மின்வேதிக் கலம்; அதிலுள்ள ஈயம் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து மெல்ல மெல்லத் தீர்ந்துபோகிறது. தீரும் தறுவாயிலுள்ள கலம் காற்றில் 20.9 என்று ஒழுங்காகவே காட்டும். தூய ஆக்ஸிஜனில் வைத்தால் 90-ஐத் தாண்டத் திணறும். அதாவது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். குறைவான சதவீதம் என்றால் டேப்பில் எழுதப்படும் ஆழம் அதிகமாகும். பிழை ஆபத்தான பக்கம் சாய்கிறது. செறிவான கலவைகளை அளப்பவர்கள் காற்றிலும் தூய ஆக்ஸிஜனிலும் இரு புள்ளிகளில் சரிபார்ப்பது இதனால்தான்.

மார்ச் 9, பிற்பகல்

மேலே சொன்னதோடு ஈரப்பதத்தையும் சேர்க்க வேண்டும். புழுக்கமான 30 டிகிரி வெயிலில், ஈரம் நிறைந்த வெளிக்காற்றில் உண்மையான ஆக்ஸிஜன் 20 சதவீதத்தையே ஒட்டியிருக்கும். மீதி இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. அந்தக் காற்றில் கருவியை 20.9-க்குத் திருகி வைத்துவிட்டு, சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த வாயுவை அளந்தால் 32 என்பது 33-ஐத் தாண்டிக் காட்டும். இந்தப் பிழை ஆழத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான பக்கம் சாய்வது ஆறுதல். ஆனால் முக்குளிக்கும்போது கையில் கட்டும் கணினியில் 33 என்று பதிந்தால் உடலில் சேரும் நைட்ரஜனை அது குறைத்து மதிப்பிடும். சாதாரணக் காற்று நிரப்பிய சிலிண்டரின் உலர்ந்த காற்றைக் கொண்டே கருவியைச் சரிசெய்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

மார்ச் 10

சிலிண்டர் கழுத்தில் டேப்பின் மேல் டேப், அதன் மேல் டேப் என்று ஒட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கிழியுங்கள். சுவரொட்டி மேல் சுவரொட்டி ஒட்டிய தெருச்சுவர்போல் இருக்கிறது. மேலடுக்கு நனைந்து கழன்றால் அடியிலுள்ள போன வருடத்து 36 பளிச்சென்று வெளியே வரும், அதையும் ஒருவர் நம்புவார்.

வாயு தீர்ந்ததும், முக்குளிப்பு முடிந்த அன்றே, டேப்பைக் கிழித்துவிடுவதே சரியான முறை. டேப் இல்லாத சிலிண்டர் என்றால் உள்ளே இருப்பது தெரியாத வாயு. அளக்காமல் யாரும் சுவாசிக்கக் கூடாது. இந்த ஒரு விதி பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானே ஒழுங்குக்கு வரும்.

மார்ச் 12

"32 இருந்த சிலிண்டரில் பாதி மிச்சம், காற்றை ஏற்றி நிரப்பிக்கொண்டேன், பழைய டேப் அப்படியே இருக்கிறது, ஆழ எல்லைக்குள்தானே இருப்பேன், என்ன குறை?" என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி, ஆழத்தைப் பற்றிய பகுதி சரியும்கூட. 100 பார் அளவுக்கு 32 சதவீதமும் அதன்மேல் 100 பார் காற்றும் சேர்ந்தால் கிடைப்பது 26.5 சதவீதம். அதன் எல்லை ஏறக்குறைய 42 மீட்டர். 33 மீட்டரில் நின்றுவிடுபவருக்கு ஆக்ஸிஜனால் ஆபத்தில்லை.

ஆனால் அவருடைய கணினி 32 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 68 சதவீத நைட்ரஜன் என்று அது கணக்கிடும்போது அவர் உண்மையில் சுவாசிப்பது 73.5 சதவீதம். நிறுத்தம் தேவையில்லாத நேரம் என்று அது காட்டுவது அவருக்குரியதல்ல. ஆக, டேப்பில் சதவீதத்தை அதிகமாக எழுதினாலும் ஆபத்து, குறைவாக எழுதினாலும் ஆபத்து. முன்னது நைட்ரஜன் குமிழ்களாக மூட்டுகளைத் தேடி வரும், பின்னது வலிப்பாக மூளையைத் தேடி வரும். "எப்போதும் பாதுகாப்பான பக்கமாகவே எழுதிவிட்டால் போதும்" என்று சொல்பவர்கள் எந்தப் பக்கத்தைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை.

இதே உரையாடலில் எழுந்த இன்னொரு கருத்தையும் திருத்திவிடுகிறேன். ஆழமான முக்குளிப்புக்கு ஹீலியம் கலந்து நிரப்பிய சிலிண்டரை மாதக்கணக்கில் நிற்க வைத்தால் ஹீலியம் மேலே போய்த் தங்கிவிடும் என்பது உண்மையல்ல. ஒருமுறை முழுதாகக் கலந்த வாயுக்கள் எடையின் காரணமாக மறுபடி பிரிவதில்லை. உண்மையான சிக்கல் அதற்கு நேர்மாறானது: மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிய வாயுக்கள் நிரப்பிய உடனே முழுதாகக் கலந்திருக்காது. கலப்பவர்கள் சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுவதும், சிறிது நேரம் விட்டு அளப்பதும் அதற்காகவே. சூடு ஆறுமுன் அளந்து எழுதிய எண்ணை நான் தற்காலிகமானதாகவே கருதுவேன்.

மார்ச் 15

6-ஆம் தேதி எழுதியதை யோசித்துப் பார்த்தேன். ஆழம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஓர் ஆழம் மட்டும் போதாத வாயுக்களும் உண்டு. 10 சதவீத ஆக்ஸிஜனும் 70 சதவீத ஹீலியமும் மீதி நைட்ரஜனும் கொண்ட டிரைமிக்ஸை மேற்பரப்பில் சுவாசிப்பவருக்குக் கிடைப்பது 0.10 பார் ஆக்ஸிஜன். அவர் நினைவிழந்து விழுவார். 8 மீட்டருக்குக் கீழே போன பிறகுதான் அது 0.18 பாரைத் தொடும். இத்தகைய சிலிண்டரில் "இதற்கு மேலே சுவாசிக்காதே" என்ற குறைந்தபட்ச ஆழமும் இடம்பெற வேண்டும். இரண்டு எண்களை ஒரே அளவில் எழுதினால் எது மேல் எல்லை, எது கீழ் எல்லை என்று குழம்பும் என்பதால், அதிகபட்ச ஆழத்தைச் சிலிண்டரின் விலாவில் பெரிதாகவும் குறைந்தபட்ச ஆழத்தை வால்வுக்கு அருகில் சிறிதாகவும் எழுதுவேன். வால்வைத் திறக்கும்போது கண் அங்கேதானே போகும்.

ஆர்கானையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீர் புகாத உலர் உடைக்குள் செலுத்த ஆர்கானைச் சிலர் விரும்புகிறார்கள். அதன் வெப்பக் கடத்துத்திறன் காற்றுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பதால் குளிர் குறையும். அந்தச் சிறிய சிலிண்டரில் 'ஆர்கான்' என்று எழுதினால் மட்டும் போதாது. 'சுவாசிக்கக் கூடாது' என்றும் எழுத வேண்டும். அதில் வாயில் வைக்கும் ரெகுலேட்டரை ஒருபோதும் பொருத்தாமல் இருப்பது எழுத்தைவிட வலுவான எச்சரிக்கை.

மார்ச் 16

டேப்பைப் பற்றிய கேள்விகளுக்குச் சுருக்கமாக: சிலிண்டரை முதலில் துடைத்து உலர்த்துங்கள். நிரந்தர மார்க்கரால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா நனைந்த டேப்பில் பயன்படாது. முனையைச் சற்று மடித்துவிட்டால் கிழிப்பது எளிது. ஆழ எண்ணைச் சிலிண்டரின் இரு பக்கமும் எழுதுங்கள், ஏனென்றால் அதைப் படிக்க வேண்டியவர்களில் உங்கள் துணைவரும் ஒருவர்; நீங்கள் தவறான ரெகுலேட்டரை வாய்க்குக் கொண்டுபோனால் தடுக்கப்போவது அவர்தான். சிலிண்டரைச் சுற்றி ஒட்டும் அகலமான பிளாஸ்டிக் ஸ்டிக்கரை நான் தவிர்ப்பேன். அதனடியில் உப்பு நீர் தங்கி உலோகத்தை அரிக்கும், வெளியே தெரியவும் தெரியாது.

மார்ச் 21

"காற்றை மட்டுமே பயன்படுத்துபவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். நைட்ராக்ஸ் கலக்கும் இடத்தில் நிரப்புகிறவராக இருந்தால், உங்கள் சிலிண்டரில் காற்றுதான் இருக்கிறது என்பதற்கு அளவீடு ஒன்றே சான்று. அதற்கும் மேல் ஒரு காரணம் உண்டு: துரு. உள்ளே ஈரம் புகுந்த எஃகுச் சிலிண்டரை நிரப்பி நெடுங்காலம் மூலையில் வைத்துவிட்டால், இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளிருக்கும் ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்கிறது. அழுத்தமானி ஏறக்குறைய நிறைவாகத்தான் காட்டும். சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் உயிர் தாங்கும் அளவுக்கும் கீழே போயிருக்கலாம். டேப்பில் தேதி எழுதச் சொல்வது அலங்காரத்துக்கல்ல. பழைய தேதியைப் பார்த்தால் மறுபடி அளங்கள், அல்லது காலி செய்து, உள்ளே பரிசோதித்து, புதிதாக நிரப்புங்கள்.

சிலிண்டரின் தோளில் அச்சிட்டிருக்கும் தேதியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நீரழுத்தச் சோதனை நடந்த தேதி; உலோகத்தைப் பற்றியது, வாயுவைப் பற்றியதல்ல.

மார்ச் 22

கலங்கிய நீரில் எந்த எழுத்தும் தெரியாதே என்ற மறுப்பு நியாயமானது. அங்கே எழுத்துக்கு முன்னால் நடைமுறை உதவ வேண்டும். பயன்படுத்தாத சிலிண்டரின் வால்வை, குழாயில் அழுத்தம் ஏற்றிய பிறகு, மூடியே வைத்திருப்பது வழக்கம். அப்போது தவறான ரெகுலேட்டரை வாயில் வைத்தாலும் ஒன்றிரண்டு மூச்சோடு வாயு நின்று எச்சரிக்கும். மாறும்போது ஆழத்தைப் பார்த்து, சிலிண்டரிலுள்ள எண்ணைப் பார்த்து, வால்விலிருந்து வாய் வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்து, துணைவர் தலையசைத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். செறிவானது வலப்பக்கம், செறிவு குறைந்தது இடப்பக்கம் என்று தொங்கவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. இடத்தை நம்பப் பழகியவர் எண்ணைப் படிப்பதை நிறுத்திவிடுகிறார். சிலிண்டரை ஒருமுறை மாற்றித் தொங்கவிட்டால் அவரைக் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

ஏப்ரல் 2

முதலில் கேட்டவர், தம் குழுவுக்கென்று ஓர் ஏற்பாட்டை வகுத்து அனுப்பியிருக்கிறார்: காற்று, நைட்ராக்ஸ் இரண்டையும் தினமும் அளப்பது, விலாவில் '33 மீ' அல்லது '56 மீ', கழுத்து டேப்பில் சதவீதமும் தேதியும் முதலெழுத்தும். ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். காற்றுக்கு '56 மீ' வேண்டாம். ஆக்ஸிஜன் கணக்கில் அது சரியான எண்தான், ஆனால் அந்த ஆழத்துக்கு வெகு முன்பே நைட்ரஜன் மயக்கம் புத்தியைப் பிடித்துவிடும். பெரிய எழுத்தில் 56-ஐப் பார்க்கும் புதியவருக்கு அது அனுமதிச் சீட்டாகத் தோன்றலாம். உங்கள் குழுவின் பயிற்சி எந்த ஆழம் வரையோ அதையே எழுதுங்கள்.

அழுத்தத்தையும் டேப்பில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம், தீங்கில்லை. நிரப்பியபோது சூடாக இருந்த சிலிண்டர் ஆறியதும் பல பார் குறையும் என்பதால், ஆறிய பிறகு அளந்து எழுதுங்கள். மறுநாள் அதிலிருந்தும் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. வால்வின் ரப்பர் ஓ-வளையத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.